சலம் மஞ்சளாய்ப் போனதால் குளிசையை நிறுத்தலாமா?

கேள்வி: ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளுக்குப் போகும் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 24. முதல் பிள்ளை, இப்போது 17 கிழமை. கிளினிக்கில் சலம் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) எடுத்தார்கள், கிருமி இருக்கிறதென்று ரிப்போட் வந்தது. எனக்குக் கடுப்பும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நைட்ரோபியூரன்ரோயின் 50 மில்லிகிராம் குளிசை, 6 மணித்தியாலத்துக்கு ஒன்றாக 7 நாளைக்குத் தந்தார்கள். இரண்டாம் நாளே சலம் கடும் மஞ்சளாய்ப் போனது. "சூடு ஏறிப்போச்சு, வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது, நிப்பாட்டு" என்று மாமி சொன்னா. நிப்பாட்டி 5 நாள். 20 குளிசை மிச்சம் கிடக்கிறது. பார்லித் தண்ணியும் இளநியும் குடிக்கிறேன். நோவே இல்லாத கிருமிக்கு மருந்து வேணுமா? வன்னியில் கிட்னி வருத்தம் கூட என்கிறார்களே, இது அதுதானா? இன்னொன்று, கிளினிக்கில் கேட்க வெட்கமாக இருந்தது: இவரும் குளிசை எடுக்க வேணுமா?

பதில்: முதலில் அந்த மஞ்சள் நிறத்தை முடித்துவிடுவோம். நைட்ரோபியூரன்ரோயின் உடம்பில் தங்குகிற மருந்தல்ல. இரத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சிறுநீரகத்தால் வடிந்து நேரே சலத்துக்குள் வந்துவிடும். சலப்பைக் கிருமிக்கு இதைத் தெரிவு செய்வதற்கே அதுதான் காரணம். மருந்துக்குச் சொந்த நிறமே மஞ்சள். அதனால் சலம் கடும் மஞ்சளாகவோ மண்ணிறமாகவோ போகும், குளிசை முடிந்தவுடன் தெளியும். அது சூடும் அல்ல, பழுதும் அல்ல. இதைக் குளிசை கொடுத்த இடத்திலேயே ஒரு வரியில் சொல்லியிருந்தால் நீங்கள் நிறுத்தியிருக்க மாட்டீர்கள். குறை உங்கள் மாமியுடையது அல்ல.

ஆனால் ஒரு நிறத்தை மட்டும் இதோடு குழப்ப வேண்டாம். சலம் கோலா போலக் கறுத்து, கண்வெள்ளையும் மஞ்சளாகி, மூச்சு வாங்கி, முகம் வெளிறினால் குளிசையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஜி-6-பி-டி என்ற நொதியம் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு இந்த மருந்து சிவப்பணுக்களை உடைக்கும். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அப்படிச் சொல்லியிருந்தால் மருந்து எழுதுபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. கர்ப்பிணி அல்லாத ஒரு பெண்ணுக்கு இப்படி நோவில்லாமல் சலத்தில் கிருமி இருந்தால் நாங்கள் பெரும்பாலும் மருந்தே கொடுப்பதில்லை. கர்ப்பிணிக்குக் கொடுக்கிறோம். கிருமி ஒன்றுதான், அது இருக்கிற இடத்தின் நிலைமைதான் மாறிவிட்டது. கர்ப்பகாலத்தில் கூடுகிற புரஜெஸ்டரோன் என்ற ஓமோன் சிறுநீரகத்தில் இருந்து சலப்பைக்கு வரும் குழாய்களைத் தளர்த்திவிடும். வளர்கிற கருப்பை மேலே இருந்து அமத்தும், அதுவும் வலப்பக்கம் கொஞ்சம் சரிந்து அமத்தும். ஓடுகிற வாய்க்காலில் பாசி பிடிக்காது, அடைபட்ட வாய்க்காலில் பிடிக்கும். தேங்கி நிற்கும் சலத்தில் கிருமி பெருகி, தளர்ந்த குழாய் வழியே சிறுநீரகத்துக்கு ஏறுவது சுலபம். ஏறினால் பெரும்பாலும் வலப்பக்கச் சிறுநீரகத்தில்தான் முதலில் காட்டும்.

நூறு கர்ப்பிணிகளில் இரண்டு முதல் பத்துப் பேருக்கு இப்படி நோவில்லாக் கிருமி இருக்கும். அவர்களுக்கு மருந்து கொடுக்காமல் விட்டால், பழைய கணக்குகளின்படி நூறில் 20 முதல் 40 பேருக்குப் பிறகு சிறுநீரகத்தில் கிருமி பிடித்தது. புதிய கணக்குகள் சில இதைவிடக் குறைவாகக் காட்டுகின்றன. ஆனால் யாருக்கு ஏறும், யாருக்கு ஏறாது என்று முன்கூட்டிப் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஏறியவருக்கு நடப்பது சின்ன விஷயமும் அல்ல: நடுக்கத்தோடு காய்ச்சல், வாந்தி, ஊசி மருந்தோடு வாட்டில் படுக்கை, சிலருக்குக் கிருமி இரத்தத்தில் கலந்து இரத்த அழுத்தம் விழுவது, நுரையீரலில் நீர் கோப்பது, மாதம் நிறையாமல் பிள்ளைப்பேற்று வலி எழும்புவது. நோவில்லாத கட்டத்தில் 7 நாள் குளிசையோடு முடிகிற காரியம், நோ வந்த பிறகு முடியாது.

மாமியின் பயத்தில் ஒரு பாதி நியாயம் உண்டு. கர்ப்பத்தில் கூடாத அன்ரிபயோட்டிக்குகள் இருக்கின்றன. டொக்சிசைக்கிளின் பிள்ளையின் பல்லிலும் எலும்பிலும் படியும். சிப்ரொப்ளொக்சசினைத் தவிர்க்கிறோம். கோ-ட்ரைமொக்சசோல் போலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்வதால் முதல் மூன்று மாதத்தில் வேண்டாம், கடைசி நாட்களிலும் வேண்டாம். அமொக்சிசிலின் போன்ற பெனிசிலின் குடும்பத்து மருந்துகளும், அவற்றுக்கு நெருங்கிய செபலொஸ்போரின் குடும்பத்துச் செபலெக்சினும் கர்ப்பகாலம் முழுவதும் நீண்ட காலமாகப் பாவனையில் உள்ளவை. உங்களுக்குத் தந்த நைட்ரோபியூரன்ரோயினும் 17 கிழமையில் பொருத்தமானதே. கடைசி மாதத்தில் மட்டும் அதைக் கொடுப்பதில்லை. பிறக்கப் போகிற பிள்ளையின் சிவப்பணுக்கள் உடையக்கூடும் என்பதால் 36 கிழமைக்குப் பிறகு வேறு மருந்துக்கு மாறுவோம். ஆகவே அந்த 20 குளிசையை "பிறகு கடுப்பு வந்தால் உதவும்" என்று அலுமாரியில் வைக்காதீர்கள். வீட்டில் யாருக்கோ வாங்கி மிஞ்சியதையும் எடுக்காதீர்கள், பாமசியில் பெயர் சொல்லிக் கேட்டும் வாங்காதீர்கள்.

பார்லியும் இளநியும் குடிப்பதில் பிழையில்லை, தண்ணீர்ச் சத்துத்தானே. அவை கிருமியைக் கொல்லாது, அவ்வளவுதான். சலரோகம் (நீரிழிவு) இருப்பதாக உங்களுக்குச் சொல்லியிருந்தால் பார்லிக்குச் சீனி போடாதீர்கள், இளநியையும் அளவாகக் குடியுங்கள். சலத்தில் சீனி இறங்குவது கிருமிக்குச் சாப்பாடு போடுகிற மாதிரி.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. மிச்சக் குளிசையை இன்றிரவே தொடங்கிவிட வேண்டாம். 8 குளிசையோடு நிறுத்தி 5 நாள் விட்டதில் கிருமி அழிந்திருக்கலாம், அடங்கி மறுபடி பெருகியும் இருக்கலாம். அதைப் பார்க்காமல் மருந்தைத் தொடங்கினால் பிறகு எடுக்கும் கல்ச்சர் நம்பத்தக்கதாக இராது. நாளைக்கே உங்கள் குடும்பநல உத்தியோகத்தருக்கு ஒரு கோல் எடுத்து நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பவதிப் பதிவேடு, கல்ச்சர் ரிப்போட், மிச்சக் குளிசை மூன்றையும் கொண்டு இரண்டு மூன்று நாளுக்குள் போய்க் காட்டுங்கள். அடுத்த மாதக் கிளினிக் திகதி வரை காத்திராதீர்கள். பெரும்பாலும் சலத்தைத் திரும்பக் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு, 5 முதல் 7 நாளைக்கு முழுசாக மருந்து தருவார்கள். குளிசையைப் பாதியில் விட்டதற்காகப் பேச்சு விழுமோ என்று பயந்து "எல்லாம் குடிச்சு முடிச்சிட்டன்" என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால், மருந்துக்கு அடங்காத கிருமி என்று நினைத்துத் தேவையில்லாமல் வேறு மருந்துக்குப் போவார்கள்.

திரும்ப நைட்ரோபியூரன்ரோயின் தந்தால் சாப்பாட்டோடு எடுங்கள், வெறும் வயிற்றில் பிரட்டும். காலை 6, பகல் 12, பின்னேரம் 6, படுக்கும்போது 11 என்று வைத்தால் நித்திரை கெடாது. நெஞ்செரிவுக்கு மக்னீசியம் சேர்ந்த குளிசை குடிப்பவரென்றால் சொல்லுங்கள், அது இந்த மருந்தை வயிற்றிலேயே பிடித்து வைத்துவிடும். ஒரு நேரம் மறந்தால் நினைத்தவுடன் எடுங்கள், அடுத்த நேரத்துக்கு இரண்டாகப் போடாதீர்கள்.

சலம் எடுக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். பாதி ரிப்போட் பிழைப்பது இதில்தான். ஆஸ்பத்திரியில் தருகிற கிருமி நீக்கிய போத்தலே வேண்டும். ஜாம் போத்தலைக் கொதிநீரில் கழுவி எடுத்தாலும் சரிவராது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிறப்புறுப்பை வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். டெட்டோல் வேண்டாம், அது போத்தலுக்குள் விழுந்தால் கிருமியைக் கொன்று "கிருமி இல்லை" என்று பொய் ரிப்போட் வரும். பிறப்புறுப்பின் உதடுகளை இரண்டு விரலால் விரித்துப் பிடித்து, முதல் சலத்தை வெளியே விட்டு, நடுவில் வருவதில் 20, 30 மில்லிலீற்றர் மட்டும் பிடித்து, கடைசியையும் வெளியே விடுங்கள். போத்தலின் உட்புறத்திலும் மூடியின் உட்புறத்திலும் விரல் படக்கூடாது. மூடியை நிலத்தில் கவிழ்த்து வைக்காமல் மற்றக் கையில் பிடித்திருங்கள்.

பிடித்த சலம் 2 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் போய்ச் சேர வேண்டும். வன்னி வெயிலில், பஸ்ஸுக்குக் காத்து நின்று, பையில் வைத்துக் கொண்டுபோனால் வழியிலேயே கிருமி பல மடங்காகிவிடும். இல்லாத வருத்தத்துக்கு மருந்து குடிக்க நேரும். ஆகவே வீட்டில் எடுக்காதீர்கள். காலையில் வெளிக்கிட்டுப் போய், 3 மணித்தியாலமாவது சலம் போகாமல் இருந்து, ஆஸ்பத்திரியிலேயே எடுத்துக் கையோடு கொடுங்கள். உடனே கொடுக்க முடியாவிட்டால் பிரிஜ்ஜில், ஐஸ் பெட்டிக்குள் அல்ல, கீழ்த்தட்டில், 24 மணித்தியாலம் வரை வைக்கலாம்.

ரிப்போட் வர இரண்டு மூன்று நாளாகும். ஒரே வகைக் கிருமி, ஒரு மில்லிலீற்றருக்கு 100,000 அல்லது அதற்கு மேல் என்றால் அது உண்மையான தொற்று. பெரும்பாலும் ஈ. கோலை என்ற குடற்கிருமியாக இருக்கும். பல கிருமிகள் கலந்து வளர்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தால் தோலில் இருந்தோ வெள்ளைபடுதலில் இருந்தோ கலந்திருக்கிறது, திரும்ப எடுக்க வேண்டும். ஒவ்வொரு மருந்தின் பெயருக்கும் எதிரே எஸ் என்றால் அந்த மருந்து அடக்கும், ஆர் என்றால் அடக்காது. கிருமியின் பெயர் பீ வகை ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்றிருந்தால், எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அதைப் பதிவேட்டில் கொட்டையாக எழுதுவியுங்கள். அந்தக் கிருமி பிறக்கும்போது பிள்ளைக்குத் தொற்றி இரத்தத்திலும் மூளைச் சவ்விலும் பிடிக்கக்கூடியது. குளிசையால் இப்போது அழித்தாலும் திரும்ப வரும் என்பதால், வலி தொடங்கியதில் இருந்து பிள்ளை பிறக்கும்வரை நாளத்தில் பெனிசிலின் ஏற்றுவார்கள். நடுச்சாமத்தில் வாட்டுக்கு வருகிற தாயைப் பார்க்கிற டொக்டருக்கு அந்த ஒரு வரிதான் வழிகாட்டி.

கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு முறையும் சலம் பார்க்கிறார்களே என்று நீங்கள் நினைக்கக்கூடும். அந்தச் சின்னப் பட்டியில் பார்ப்பது புரதமும் சீனியும். கிருமியை அது தேடுவதில்லை. ஆகவே மருந்து முடிந்து ஒன்று இரண்டு கிழமையில் திரும்பக் கல்ச்சர் எடுக்கச் சொல்லி நீங்களாகவே நினைவூட்டுங்கள். ஒருமுறை பிடித்தவருக்கு மறுபடி பிடிப்பது வழமை. இரண்டாம் முறையும் வந்தால் சிறுநீரகத்துக்கு ஸ்கேன் செய்து கல்லோ அடைப்போ இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பிள்ளை பிறக்கும்வரை இரவில் ஒரு சிறிய அளவுக் குளிசை தொடரச் சொல்லவும் கூடும்.

கிட்னி வருத்தம் பற்றிக் கேட்டீர்கள். வவுனியாப் பக்கமும் வட மத்திய மாகாணத்திலும் பேசப்படுகிற நாட்பட்ட சிறுநீரக நோய் வேறு, இது வேறு. அது ஆண்டுக்கணக்காக மெல்ல மெல்லச் சிறுநீரகத்தைச் சுருக்குவது, கிருமியால் வருவதல்ல. உங்கள் கிருமி அதுவாக மாறாது.

இனி எப்போது காத்திருக்கக்கூடாது என்பது. கூதலடித்து உடம்பு நடுங்கிக் காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தாண்டுவது, ஒரு பக்க விலாவுக்குக் கீழே நாரியில் குத்துவது, குடித்த தண்ணீரும் வாந்தியாகப் போவது. இந்த மூன்றில் ஒன்று வந்தாலே அன்றைக்கே வாட் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பத்தில் நாரி உளைவு எல்லோருக்கும் உண்டுதான். அது இரண்டு பக்கமும் இருக்கும், படுத்தால் இறங்கும். சிறுநீரக நோ ஒரு பக்கமாக நின்று, அந்த இடத்தில் மெல்லத் தட்டினாலே துள்ள வைக்கும். பனடோல் 2 குளிசை 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கலாம், ஒரு நாளில் 8க்கு மேல் வேண்டாம். ஆனால் பனடோலுக்குக் காய்ச்சல் இறங்கியது என்று வீட்டிலேயே நின்றுவிடாதீர்கள். காய்ச்சல் இறங்கினாலும் கிருமி இறங்கியிருக்காது.

அடிவயிறு 10 நிமிடத்துக்கு ஒருமுறை இறுகி இறுகி விடுவது, பிள்ளையின் துடிப்புத் தெரியத் தொடங்கிய பிறகு அது குறைவது, கீழால் தண்ணீர் கசிவது, இவையும் அப்படியே. தண்ணீர்க்குடம் உடைந்தால் நோ இல்லாவிட்டாலும் போக வேண்டும். உடைந்த நேரத்தைக் குறித்து, துவாய் வைத்து அதன் நிறத்தையும் மணத்தையும் பாருங்கள். உள்ளே எதையும் வைக்காதீர்கள், உறவு கொள்ளாதீர்கள். உடைந்த குடம் கிருமிக்குத் திறந்த படலை. இரவில் வாகனம் கிடைக்காவிட்டால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. உங்கள் ஒழுங்கையை இருட்டில் கண்டுபிடிக்கக் கோவிலோ பள்ளிக்கூடமோ அடையாளம் சொல்லுங்கள், ஒருவர் ரோட்டடியில் ரோச்சோடு நிற்கட்டும்.

உங்கள் வீட்டில் வயல் செய்வீர்களா என்று எழுதவில்லை. செய்தால் இதையும் கேளுங்கள். காலபோகத்தில் சேற்றில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் கிழமைக்கு ஒருமுறை குடிக்க டொக்சிசைக்கிளின் கொடுப்பார்கள். கணவருக்குத் தந்த அந்தக் குளிசையை நீங்கள் எடுக்கக்கூடாது. எடுக்க முடியாது என்பதால் வயல் சேற்றிலும் எலி நடமாடுகிற வாய்க்கால் தண்ணீரிலும் இறங்காமல் இருப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. பற்றைக் காட்டில் விறகு பொறுக்கப் போய் வந்த பிறகு காய்ச்சலும் தலையிடியும் வந்தால் உடம்பில், அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ் என்று மறைவான இடங்களில், சிகரெட்டால் சுட்டது போன்ற நோவில்லாத கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அது உண்ணிக்காய்ச்சலின் அடையாளம். வழமையாக அதற்கும் டொக்சிசைக்கிளின்தான், கர்ப்பிணி என்று சொன்னால் அசித்ரோமைசின் தருவார்கள். ஆகவே வயிறு தெரியத் தொடங்காத இந்த மாதத்தில் எந்த டொக்டரிடம் போனாலும் முதல் வசனமே "நான் கர்ப்பிணி" என்பதாக இருக்கட்டும். பாலைக் காய்ச்சியே குடியுங்கள், காய்ச்சாத பாலில் லிஸ்டீரியா என்ற கிருமி இருக்கக்கூடும். தாய்க்கு ஒரு லேசான காய்ச்சலாக வந்து போய், வயிற்றுப் பிள்ளையைக் கொல்லக்கூடியது அது, பிரிஜ்ஜின் குளிரிலும் வளரும்.

கடைசியாக, வெட்கத்தில் விட்ட கேள்வி. சலக்கிருமிக்கு உங்கள் கணவர் குளிசை எடுக்கத் தேவையில்லை. இது அவரிடமிருந்து வந்ததல்ல, உங்கள் குடலில் இருந்தே வருவது. உறவு கொள்ளவும் தடையில்லை, பிறகு சலம் கழித்துவிட்டுப் படுங்கள். கணவருக்கும் மருந்து வேண்டிய தொற்றுகள் வேறு. முதல் கிளினிக்கில் உங்களிடம் எடுத்த இரத்தத்தில் வீ.டி.ஆர்.எல். என்று ஒன்று பார்த்திருப்பார்கள், அது சிபிலிஸ் கிருமிக்கு. அது இருப்பது உறுதியானால் பெனிசிலின் ஊசி இருவருக்கும் போட வேண்டும், தாய்க்கு மட்டும் போட்டால் திரும்பத் தொற்றும். தாயிடமிருந்து பிள்ளைக்குச் சிபிலிஸ் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் உறுதிப்படுத்தியதற்குப் பின்னால் இருப்பது கிளினிக்குகளில் எடுக்கிற இந்த ஒரு துளி இரத்தந்தான். உங்கள் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள், அந்த இடம் வெறுமையாக இருந்தால் கல்ச்சருக்குப் போகிற அன்றைக்கே அதையும் கேளுங்கள்.